அனலாக் ஒளிபரப்பை நிறுத்தும் முன் மக்களின் ஐயங்களுக்குப் பதில் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

அனலாக் என்ற பழைய முறையில் (படத்தைத் தொடர் அலையாக அனுப்புவது) நடக்கும் தொலைக்காட்சி ஒளிபரப்பை நிறுத்திவிட்டு, டிஜிட்டல் என்ற புதிய முறைக்கு (படத்தை எண்களாக மாற்றி அனுப்புவது) மாறுவதைப் பற்றி எழுதப்படும் கட்டுரைகளில் ஒரு வாசகம் தவறாமல் இடம்பெறுவதைப் பார்க்கிறேன். மக்களிடம் போதிய விழிப்புணர்வு இல்லை, அதனால்தான் அவர்கள் தயங்குகிறார்கள் என்பதே அது. முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகத் தொலைக்காட்சிப் பெட்டிகளைப் பழுது பார்த்தவன், எத்தனையோ வீட்டு மாடிகளில் ஏறி ஆண்டெனா கட்டியவன் என்ற முறையில் இந்த வாசகத்தை என்னால் ஏற்க முடியவில்லை. மக்கள் விவரம் தெரியாமல் தயங்கவில்லை. அவர்கள் கேட்கும் கேள்விகளுக்கு யாரும் நேராகப் பதில் சொல்லாததால்தான் தயங்குகிறார்கள்.

பழுது பார்க்கப் போன வீடுகளில் நான் கேட்ட கேள்விகள் சிலவே. "இப்போது காசு கொடுக்காமல் பார்க்கிறோம், மாறிய பிறகு மாதாமாதம் கட்ட வேண்டியிருக்குமா?" "டிவி நன்றாகத்தானே ஓடுகிறது, டிஜிட்டல் அலையை அதற்கு ஏற்ப மாற்றித் தர இன்னொரு பெட்டி எதற்கு?" "எங்கள் வீடு வரை எட்டுமா?" "இன்று இதை வாங்கினால், நாளைக்கு இதுவும் பழசாகிவிட்டது என்பார்களா?" இவற்றில் ஒன்றுகூட அறியாமையில் பிறந்த கேள்வி அன்று. டிஜிட்டலுக்கு மாறிய நாடுகளின் அனுபவத்தைப் புரட்டிப் பார்த்தால், ஒவ்வொரு கேள்விக்கும் எங்கேயோ ஓரிடத்தில் அடிப்படை இருந்திருக்கிறது என்பது தெரியவரும்.

நான் டிஜிட்டலுக்கு எதிரானவன் அல்லன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அனலாக் முறையில் ஒரே ஒரு நிகழ்ச்சியை அனுப்ப, நாட்டுக்கு நாடு வேறுபட்டு, 6 முதல் 8 மெகாஹெர்ட்ஸ் அலைவெண் அகலம் தேவைப்படுகிறது. அதே இடத்தில் டிஜிட்டல் முறையில் நான்கைந்து நிகழ்ச்சிகளை அடக்கலாம், புதிய சுருக்க முறைகளில் அதைவிடவும் அதிகமாக அடக்கலாம். கட்டடங்களில் பட்டுத் திரும்பி வரும் அலையால் திரையில் ஒவ்வொரு முகத்துக்கும் பக்கத்தில் விழுகிற இரட்டை நிழலும் டிஜிட்டலில் இல்லை. 2006-ல் ஜெனீவாவில் ஐரோப்பா, ஆப்பிரிக்கா, மேற்காசிய நாடுகள் செய்துகொண்ட உடன்படிக்கை, 2015 ஜூன் 17-க்குப் பிறகு அண்டை நாட்டு அலைகளின் குறுக்கீட்டிலிருந்து அனலாக் ஒளிபரப்புக்குப் பாதுகாப்பு இல்லை என்று சொன்னது. ஆகவே இந்த மாற்றத்தை ஏதோ ஓர் அமைச்சகத்தின் திடீர் விருப்பம் என்று ஒதுக்கிவிட முடியாது. இவ்வளவையும் தெரிந்துகொண்டுதான் ஐயப்படுகிறவர்களின் பக்கம் நின்று எழுதுகிறேன்.

"எங்கள் வீட்டுக்கு எட்டுமா" என்ற கேள்வியிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் என் தொழிலோடு மிக நெருக்கமான கேள்வி அதுதான். அனலாக் அலை பலவீனமாக வந்தால் படம் படிப்படியாகத்தான் கெடும். முதலில் புள்ளி விழும், பிறகு நிறம் மங்கும், பிறகு கோடுகள் ஓடும், ஆனாலும் குரல் கேட்டுக்கொண்டிருக்கும். கோபுரத்திலிருந்து தொலைவில் இருக்கும் எண்ணற்ற குடும்பங்கள் இந்தப் புள்ளிப் படத்தோடு பல ஆண்டுகள் வாழ்ந்திருக்கின்றன. மாடியில் நின்று ஆண்டெனாவைத் திருப்பியபடி ஒருவர் "தெரியுதா?" என்று கத்துவதும், கீழே பெட்டிக்கு முன்னால் இருப்பவர் "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்று பதில் கொடுப்பதும் இந்த முறையில்தான் சாத்தியம், ஏனென்றால் அங்கே "கொஞ்சம்" என்ற ஒன்று இருக்கிறது.

டிஜிட்டலில் அந்தக் "கொஞ்சம்" கிடையாது. வரும் அலையில் பிழைகள் ஓர் அளவுக்குள் இருக்கும் வரை பெட்டி அவற்றைத் தானே திருத்திக்கொண்டு கண்ணாடிபோல் படம் காட்டும். அந்த அளவைத் தாண்டியதும் படம் கட்டம் கட்டமாக உடையும், அசையாமல் நிற்கும், குரல் விட்டுவிட்டு வரும், அடுத்த நொடி திரை கறுத்துச் "சிக்னல் இல்லை" என்ற எழுத்து மட்டும் மிஞ்சும். பொறியாளர்கள் இதை மலை விளிம்பு என்ற உவமையால் குறிப்பார்கள், கடைசி அடி வரை சமதரை, அடுத்த அடியில் பள்ளம். புள்ளிப் படம் வந்த ஒரு வீட்டில் நான் டிஜிட்டல் மாற்றுப் பெட்டியைப் பொருத்திவிட்டு ஆண்டெனாவை அரைமணி நேரம் திருப்பியிருக்கிறேன். கீழே இருந்த முதியவரிடமிருந்து பதிலே வரவில்லை. இறங்கி வந்து பார்த்தபோது, அவர் கறுத்த திரையைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தார். "முன்பு மங்கலாகவாவது செய்தி பார்த்தேனே" என்றார். அந்த வாக்கியத்துக்கு விழிப்புணர்வு விளம்பரம் எதுவும் பதிலாகாது. ஆண்டெனாவை இன்னும் உயரத்தில் கட்ட வேண்டும், அல்லது அருகில் ஒரு சிறு கோபுரம் வேண்டும். முதலாவதற்கு அவரிடம் பணம் இல்லை, இரண்டாவது அவர் கையில் இல்லை.

இதில் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. இரண்டு முறைகளும் ஒரே நேரத்தில் நடக்கும் காலத்தில், அனலாக் ஒளிபரப்பைக் குலைத்துவிடக் கூடாது என்பதற்காக டிஜிட்டல் அலையைப் பல இடங்களில் குறைந்த திறனில்தான் அனுப்புவார்கள். பிரிட்டனில் மாற்றத்துக்கு முன் தரைவழி (கோபுரத்திலிருந்து நேரே வீட்டு ஆண்டெனாவுக்கு வரும்) டிஜிட்டல் ஒளிபரப்பு ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு வீடுகளுக்குத்தான் எட்டியது. அனலாக்கை நிறுத்தித் திறனைக் கூட்டிய பிறகே, பொதுச் சேவை அலைவரிசைகள் 98.5 விழுக்காடு வீடுகளுக்கு எட்டின. அதாவது, முன்கூட்டியே பெட்டி வாங்கிச் சோதித்துப் பார்த்த ஒரு குடும்பம் "எங்களுக்கு வரவில்லை" என்று சொன்னால் அது பொய்யும் அல்ல, பிடிவாதமும் அல்ல. அவர்களிடம் "நிறுத்தியபின் வந்துவிடும், நம்புங்கள்" என்று சொல்வதைத் தவிர அதிகாரிகளுக்கு வேறு வழி இருப்பதில்லை. நம்பச் சொல்கிறவர், நம்பிக்கை பொய்த்தால் யார் வந்து சரிசெய்வார் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அந்த 98.5 விழுக்காடும் பொதுச் சேவை அலைவரிசைகளுக்கான கணக்குதான். வணிக அலைவரிசைகளின் தொகுதிகள் சுமார் 90 விழுக்காடு வீடுகளோடு நின்றன. சிறு துணைக் கோபுரங்களை நம்பியிருந்தவர்களுக்கு, அதே பெட்டியில், குறைந்த எண்ணிக்கையிலான அலைவரிசைகளே கிடைத்தன.

அமெரிக்காவில் 2009 ஜூன் 12-க்குள் முழுத்திறன் நிலையங்கள் அனைத்தும் வழக்கமான அனலாக் ஒளிபரப்பை நிறுத்தின. அந்தக் கெடு நாளில் சில நிலையங்கள் தங்கள் டிஜிட்டல் ஒளிபரப்பை வேறு அலைவெண்ணுக்கு மாற்றிக்கொண்டதால், மாதக்கணக்கில் முன்பே பெட்டி வாங்கிச் சரியாக இணைத்து வைத்திருந்தவர்களுக்குக்கூடத் திடீரென்று சில அலைவரிசைகள் காணாமல் போயின. பெட்டியில் மீண்டும் ஒருமுறை அலைவரிசைத் தேடலை ஓடவிட வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரியாது. பிலடெல்பியாவிலும் சிகாகோவிலும் வி.எச்.எஃப். என்ற குறைந்த அலைவெண் பட்டைக்குத் திரும்பிய நிலையங்களைப் பிடிப்பதில் பல வீடுகளில் சிக்கல் ஏற்பட்டு, அந்த நிலையங்களின் திறனைக் கூட்ட ஒழுங்குமுறை ஆணையம் அனுமதிக்க வேண்டிவந்தது. அதைவிட உயர்ந்த அலைவெண்களுக்கான சிறிய யு.எச்.எஃப். ஆண்டெனாவை வாங்கி வைத்திருந்தவர்கள் செய்த தவறு எதுவும் இல்லை. ஆனால் தொலைபேசியில் உதவி கேட்டபோது, தாங்கள் ஏதோ தவறாக இணைத்துவிட்டோம் என்று குற்ற உணர்வோடு பேசியவர்களே அதிகமாக இருந்திருப்பார்கள் என்று என் தொழில் அனுபவத்தால் ஊகிக்கிறேன். படம் வராதபோது மனிதர்கள் முதலில் தங்களைத்தான் சந்தேகிப்பார்கள்.

அடுத்தது பணம். டிஜிட்டல் ஒளிபரப்பு குறைந்த இடத்தில் அடங்கிவிடுவதால் காலியாகும் அலைக்கற்றைக்கு, அதாவது அலைவெண்களின் தொகுதிக்கு, பெரும் விலை உண்டு. அமெரிக்காவில் தொலைக்காட்சியிடமிருந்து விடுபடவிருந்த 700 மெகாஹெர்ட்ஸ் பட்டையை 2008-ல் ஏலம் விட்டபோது 1,900 கோடி டாலருக்கும் மேல் கிடைத்தது. மாற்றுப் பெட்டி வாங்க வீட்டுக்கு இரண்டு வீதம் 40 டாலர் கூப்பன் தரும் திட்டத்துக்கு முதலில் ஒதுக்கிய உச்சவரம்போ 150 கோடி டாலர். அந்த உச்சவரம்பை 2009 ஜனவரித் தொடக்கத்திலேயே எட்டிவிட்டார்கள். இருபது இலட்சத்துக்கும் மேற்பட்ட கூப்பன்கள் காத்திருப்புப் பட்டியலில் சேர்ந்தன. முன்பே அனுப்பிய கூப்பன்களுக்கு 90 நாள் கெடு இருந்ததால், பயன்படுத்தாமலே காலாவதியானவை ஏராளம். இறுதியில் நாடாளுமன்றம் சட்டம் இயற்றி, அனலாக்கை நிறுத்த பிப்ரவரி 17 என்று குறித்திருந்த நாளை ஜூன் 12-க்குத் தள்ளியது. இவ்வளவு வசதி படைத்த நாட்டிலேயே கணக்கு இப்படித் தவறியிருக்கும்போது, "ஏலப் பணம் அரசுக்கு, பெட்டிச் செலவு எங்களுக்கா?" என்று ஓர் எளிய குடும்பம் கேட்பதைப் பொறாமை என்றோ அரசியல் என்றோ ஒதுக்க முடியாது. விற்கப்படும் அலைக்கற்றையில் நேற்று வரை தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தவர்கள் அவர்கள்தான். அந்த வருவாயின் முதல் உரிமைப் பங்கு அவர்களுக்கே சேர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. மெக்சிகோ அரசு 2015 இறுதியில் மாற்றத்தை முடிக்கும் முன், ஏழைக் குடும்பங்களுக்கு டிஜிட்டல் தொலைக்காட்சிப் பெட்டிகளையே இலவசமாக வழங்கியது. அதன்மேல் அரசியல் விமர்சனங்கள் எழுந்தன என்றாலும், செலவு யாருடையது என்ற கேள்விக்கு அது தெளிவான ஒரு பதிலாக இருந்தது.

"இலவசம் இலவசமாகவே தொடருமா? வாங்கியது நிலைக்குமா?" என்ற இரண்டு ஐயங்களுக்கும் சேர்த்து ஒரே ஊரின் கதையைச் சொல்கிறேன். தரைவழி அனலாக் ஒளிபரப்பை முழுவதுமாக நிறுத்திவிட்டு டிஜிட்டலுக்கு மாறிய முன்னோடி நகரம் பெர்லின். அங்கே 2003 ஆகஸ்டில் மாற்றம் முடிந்தது. மக்கள் பெட்டி வாங்கினார்கள், பொதுத்துறை அலைவரிசைகளோடு தனியார் அலைவரிசைகளையும் தனிச் சந்தா எதுவுமில்லாமல் பார்த்தார்கள். 2017 மார்ச் 29 அன்று அதே நகரில் இரண்டாம் தலைமுறை டிஜிட்டல் ஒளிபரப்புத் தரம் நடைமுறைக்கு வந்தது. பழைய பெட்டிகள் புதிய அலையைப் படிக்கத் தெரியாமல் பயனற்றுப் போயின, மீண்டும் பெட்டி வாங்க வேண்டியிருந்தது. இம்முறை பெரும்பாலான தனியார் அலைவரிசைகளைப் பூட்டிய வடிவில் அனுப்பினார்கள், அவற்றைத் திறக்க ஆண்டுக் கட்டணம். படம் முன்பைவிடப் பன்மடங்கு துல்லியமானது என்பதில் ஐயமில்லை. ஆனால் 2003-ல் ஒரு பெர்லின்வாசி, "இதையும் ஒருநாள் மாற்றச் சொல்வீர்கள், அப்போது காசும் கேட்பீர்கள்" என்று சொல்லியிருந்தால், அவரை அப்போது என்னவென்று அழைத்திருப்பார்கள்? பதினான்கு ஆண்டுகளில் அவர் சொன்னது நடந்துவிட்டது.

அனலாக் பெட்டிக்குப் பூட்டுப் போட முடியாது என்பதில்லை, ஆனால் அது சாதாரணமாக நடப்பதில்லை. டிஜிட்டலில் பூட்டு என்பது மென்பொருளில் ஒரு வரி. ஆகவே "கட்டணம் இல்லை" என்ற வாக்குறுதி ஓர் அமைச்சரின் மேடைப் பேச்சாக இருந்தால் போதாது, சட்டத்திலும் ஒளிபரப்பு உரிமத்தின் நிபந்தனைகளிலும் எழுத்தில் இருக்க வேண்டும், எத்தனை ஆண்டுகளுக்கு என்பதும் அதில் இருக்க வேண்டும்.

யார் கையில் சாவி இருக்கிறது என்பது இன்னொரு கவலை. அனலாக்கில் ஒவ்வொரு நிலையமும் தன் கோபுரத்திலிருந்து தானே அனுப்பியது. டிஜிட்டலில் பல நிலையங்களைத் தொகுத்து அனுப்பும் நிறுவனங்கள் இடையில் வருகின்றன, அந்த உரிமம் சிலருக்கே கிடைக்கிறது. கென்யாவில் இதே விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை சென்றது. தங்கள் ஒளிபரப்பைத் தாங்களே விநியோகிக்கும் உரிமையைக் கேட்ட பெரிய தனியார் நிலையங்கள், 2015 பிப்ரவரியில் அனலாக் நிறுத்தப்பட்டபோது ஏறத்தாழ மூன்று வாரம் திரையிலிருந்தே மறைந்தன. அந்த நாட்களில் அங்குள்ள பார்வையாளர்களுக்கு எழுந்த சந்தேகத்தை எந்தத் தொழில்நுட்ப விளக்கத்தாலும் நீக்கியிருக்க முடியாது, ஏனென்றால் அது தொழில்நுட்பம் பற்றிய சந்தேகமே அல்ல.

நாள் குறிப்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். குறித்த நாளைத் தள்ளிப்போடுவதைப் பல அரசுகள் தோல்வியாகக் கருதுகின்றன. ஜப்பான் 2011 ஜூலை 24 நண்பகலில் அனலாக்கை நிறுத்தியது. அதற்கு நெடுங்காலம் முன்பே அனலாக் திரையின் மூலையில் "அனலாக்" என்ற சொல்லைத் தொடர்ந்து காட்டி, நீங்கள் பார்ப்பது பழைய முறை என்பதை ஒவ்வொரு வீட்டுக்கும் அதன் சொந்தத் திரையிலேயே தெரிவித்தார்கள், கடைசி வாரங்களில் எஞ்சிய நாட்களின் எண்ணிக்கையையும் திரையிலேயே காட்டினார்கள். இவ்வளவு கட்டுக்கோப்பாக நடந்த நாட்டிலும், அந்த ஆண்டு மார்ச்சில் பூகம்பமும் ஆழிப்பேரலையும் தாக்கிய இவாத்தே, மியாகி, புகுஷிமா ஆகிய மூன்று மாகாணங்களுக்கு மட்டும் 2012 மார்ச் 31 வரை அவகாசம் கொடுத்தார்கள். வீடு இழந்தவர்களிடம் பெட்டி வாங்கச் சொல்லவில்லை. சிங்கப்பூர், 2017 இறுதி என்று முதலில் சொன்னதை ஓராண்டு தள்ளிவைத்தது. மெக்சிகோவின் திஹுவானா நகரில் 2013 மே மாதம் அனலாக்கை நிறுத்தி, தேர்தல் நெருங்கிய வேளையில் பல வீடுகளில் திரை இருண்டதால் சில நாட்களிலேயே மீண்டும் இயக்கி, ஜூலையில்தான் இறுதியாக நிறுத்தினார்கள். இந்த ஒத்திவைப்புகளால் எந்த நாடும் கெட்டுப்போகவில்லை.

முதியவர்களைப் பற்றிப் பேசும்போது எனக்கு மனம் கனத்துவிடுகிறது. புதிய பெட்டியோடு இரண்டாவது ரிமோட் ஒன்று வீட்டுக்குள் வருகிறது. தொலைக்காட்சியின் ரிமோட்டில், வெளியிலிருந்து இணைத்த கருவியின் படத்தைக் காட்டும் ஏ.வி. என்ற பொத்தானை அழுத்தி வைத்துவிட்டு, அலைவரிசை மாற்றுவதையெல்லாம் பெட்டியின் ரிமோட்டில் செய்ய வேண்டும். ஒருமுறை பழக்கத்தில் பழைய ரிமோட்டின் எண்ணை அழுத்திவிட்டால் திரை முழுக்கப் புள்ளியும் இரைச்சலும்தான். கண் மங்கிய ஓர் அம்மாவுக்கு நான் தொலைக்காட்சி ரிமோட்டின் ஆற்றல் பொத்தானைத் தவிர மற்றெல்லாப் பொத்தான்களையும் மறைத்து ஒட்டுநாடா ஒட்டிக் கொடுத்தேன். மஞ்சள், சிவப்பு, வெள்ளை ஒயர்களில் ஒன்று துடைக்கும்போது கழன்றுவிட்டால் எதில் எதைச் செருகுவது என்று, பின்பக்கத்தில் பெரிய எழுத்தில் எழுதியும் வைத்தேன். இந்த வேலைக்கு அரைமணி நேரம் ஆனது. இந்த அரைமணி நேரத்தை ஒவ்வொரு முதியவருக்கும் யார் தருவது என்பதைத் திட்டமிட்ட நாடு பிரிட்டன். அங்கே 75 வயதை எட்டியவர்கள், குறிப்பிட்ட ஊனமுற்றோர் உதவித்தொகை பெறுபவர்கள், பார்வையற்றோர் ஆகியோருக்கென்று தனி உதவித் திட்டம் இருந்தது. பெட்டியைக் கொடுத்து, வீட்டுக்கு வந்து பொருத்தி, இயக்கக் கற்றுக்கொடுத்து, பிறகும் தொலைபேசியில் உதவினார்கள். 2007 அக்டோபரில் வைட்ஹேவன் என்ற சிறு நகரப் பகுதியில் தொடங்கி, வட்டாரம் வட்டாரமாக நகர்ந்து, 2012 அக்டோபர் 24-ல் வட அயர்லாந்தில் முடித்தார்கள். ஐந்தாண்டு எடுத்துக்கொண்டதால்தான் ஓர் ஊரில் கற்ற பாடத்தை அடுத்த ஊரில் பயன்படுத்த முடிந்தது.

பேரிடர் நேரத்தைப் பற்றி ஒரு சொல். மின்கலத்தில் ஓடும் சிறிய அனலாக் தொலைக்காட்சி, மின்சாரம் போன புயல் இரவில் வானிலைச் செய்தியைக் காட்டியது. அதை மாற்றுப் பெட்டியோடு இணைத்தால், அந்தப் பெட்டிக்கும் மின்சாரம் வேண்டும். பெரும்பாலான மாற்றத் திட்டங்களில் இதற்கு இடமே இல்லை, வானொலி இருக்கிறதே என்பதோடு விட்டுவிடுகிறார்கள். பழைய படக்குழாய்த் தொலைக்காட்சிகளைப் பற்றியும் அப்படித்தான். அவற்றின் கண்ணாடியில் ஈயம் உண்டு. மாற்றுப் பெட்டி இருந்தால் அவை இன்னும் பல ஆண்டுகள் ஓடும் என்பதைச் சொல்லாததால், நன்றாக ஓடும் தொலைக்காட்சிகளே குப்பைக்குப் போவதை நான் பார்த்திருக்கிறேன்.

ஆசிரியர் அவர்களிடம் என் வேண்டுகோள் ஒன்றுண்டு. டிஜிட்டல் மாற்றம் பற்றிய அரசு விளம்பரங்கள் பத்திரிகைகளில் முழுப் பக்கத்துக்கு வருகின்றன. அவற்றில் சிரிக்கும் குடும்பமும் பளபளக்கும் திரையும் இருக்கின்றன, அளவெடுத்த எண் ஒன்றுகூட இல்லை. கோபுரம் கோபுரமாக, எந்தெந்தப் பகுதியில் வீட்டு மாடியில் சோதித்துப் பார்த்தபோது அலை கிடைத்தது, எங்கே கிடைக்கவில்லை என்ற பட்டியலைத் தங்கள் நாளிதழ் கேட்டு வாங்கி வெளியிட வேண்டும். கிடைக்காத இடங்களுக்குத் துணைக் கோபுரம் எப்போது, அது வரும் வரை அங்கே அனலாக் தொடருமா, பெட்டியின் தரம் எத்தனை ஆண்டுகளுக்கு மாறாது, கட்டணமின்மை எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவில் இருக்கிறது என்ற கேள்விகளைப் பொறுப்பான அமைச்சகத்திடம் எழுத்தில் கேட்டு, வரும் பதிலை அப்படியே அச்சிட வேண்டும். பதில் வராவிட்டால், வரவில்லை என்பதையும் அச்சிட வேண்டும். பழுது பார்க்கப் போகும் வீடுகளில் என்னிடம் கேட்கிறவர்களுக்கு அந்தப் பக்கத்தைக் கத்தரித்து எடுத்துச் சென்று காட்டுவேன்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகர்,
தொலைக்காட்சி பழுதுநீக்கும் தொழிலாளி